ஒரு சாண் ஆலமரம் பட்டுப்போன விவரம்

சிவமயம்

இண்டூர்,
மார்கழி 19

அன்பு மகள் சுசித்ராவுக்கு, உன் மாமனார் புலவர் முனியப்பன் எல்லா நலன்களும் வேண்டி எழுதும் கடிதம்.

மேலே உள்ள ஒரு வரியை எழுதுவதற்கு எனக்கு மூன்று தாள்கள் செலவாயின. மருமகளுக்கு எழுதும்போது ‘சௌபாக்கியவதி’ என்று தொடங்குவது நம் வழக்கம். கை பழக்கத்தில் முதல் தாளில் அப்படியே எழுதிவிட்டது. கணவனை இழந்தவளுக்கு அவ்வாறு எழுதும் முறை இல்லை என்பது பிறகுதான் உறைத்தது, அடித்துவிட்டேன். இரண்டாம் தாளில் அடைமொழி எதுவுமின்றி உன் பெயரை மட்டும் எழுதிப் பார்த்தேன். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல் இருந்தது. நவநீதன் விடுதியில் தங்கிப் படித்த நாள் முதல் அவனுக்கு எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும் ‘சிரஞ்சீவி’ என்று தவறாமல் எழுதியிருக்கிறேன். முப்பத்தொன்பது வயதில், ஒரு திங்கட்கிழமை காலையில், அலுவலகத்தின் மாடிப்படியில் அவன் விழுந்தபோது அந்தச் சொல் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. ஆகவே இந்த அடைமொழிகளோடு எனக்கு இப்போது சிறு மனத்தாங்கல். நீ எனக்கு மகள். அது போதும்.

இவ்விடம் நானும் உன் அத்தை பாஞ்சாலியும் இறைவன் அருளால் நலம். புனேயில் உன் உடல்நலம், உத்தியோகம், புதிதாகப் பார்த்திருக்கும் கிழக்குப் பார்த்த பால்கனி உள்ள வீடு எல்லாம் சௌகரியமாக அமைந்திருக்கும் என நம்புகிறேன். எங்கள் நலத்தில் மரத்தின் நலத்தையும் சேர்த்து எழுதுவதே முறை. சேர்க்கவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். தொலைபேசியில் சொல்ல எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் முயன்றேன். எட்டு முறையும் வாய் வேறொன்றைச் சொல்லிற்று. கை பொய் எழுதிப் பழகவில்லை என்பதால் கடிதத்தை நாடுகிறேன். மனத்தைத் திடப்படுத்திக்கொள். அந்த மரம் பட்டுப்போயிற்று.

நடந்ததை முதலிலிருந்து சொல்வதுதான் உனக்கு நான் செய்யக்கூடிய மரியாதை. வைகாசியில் நீ புனேக்கு மாற்றலாகிப் போகும்போது, அங்கே விடுதி அறையில் வெளிச்சம் இல்லை என்று அந்த மரத்தை எங்களிடம் ஒப்படைத்தாய். பெங்களூரில் வேலையில் சேர்ந்த ஆண்டு நவநீதன் வாங்கி, பதினொரு ஆண்டுகள் தன் கையால் வெட்டியும் வளைத்தும் வளர்த்த ஃபைகஸ் போன்சாய் மரம். கூடவே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வெட்டுவதற்காக அவன் வைத்திருந்த சுழலும் மரத்தட்டையும், பன்னிரண்டு விதிகள் கொண்ட குறிப்பையும் தந்தாய். அந்த விதிகளை நான் சூத்திரங்களைப் படிப்பதுபோல் மும்முறை படித்தேன். என் போதாத காலம், நான் அவற்றுக்கு உரையும் எழுதத் தொடங்கிவிட்டேன். ஃபைகஸ் என்றால் ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் அடங்கிய குலம் என்று தாவரவியல் படித்த பழைய நண்பர் ஒருவர் சொன்னார். ஆல் என்றதும் எனக்கு உடல் சிலிர்த்தது. நான்கு முனிவர்களை எதிரே அமர்த்தி, வாய் திறவாமல் ஞானம் உரைத்தவன் வீற்றிருப்பது அந்த மரத்தின் நிழலில் அல்லவா? அதைப் போய்ச் செருப்பு விடும் இடத்துக்கு அருகே, நடை ஓரத்தில் வைப்பதா? ‘நல்ல வெளிச்சம் உள்ள இடத்தில் வைக்கவும்’ என்பது உன் முதல் விதி. பூசை அறையில் அணையா விளக்கு எரிகிறது. அதைவிட நல்ல வெளிச்சம் ஏது என்று உரை எழுதிக்கொண்டு, மரத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அந்த அறைக்குச் சன்னல் இல்லை என்பது எனக்கு நினைவு வரவே இல்லை.

முதலில் பார்க்க வந்தவர் மேலத் தோட்டத்து மாரப்பன். உனக்குத் தெரியும், தக்காளியும் சாமந்தியும் பயிரிடுகிறவர். குனிந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், பிறகு கேட்டார்.

“எத்தினி மாசத்துக் கன்னுங்க வாத்தியாரே இது?”

“பதினொரு வருஷம்.”

“பதினோரு வருசமா?” அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். “தம்பி டவுன்ல இருந்துச்சு, வெவசாயம் தெரியாது. தப்பா நெனைக்காதீங்க. ஆனா இப்பிடி ஒரு வெளச்சல எங்கூட்ல எவனாவது காட்டுனா நான் நெலத்தையே குத்தகைக்கு வுட்ருவேன்.”

இது குள்ளமாக வளர்ப்பதற்கென்றே வளர்க்கப்படும் மரம் என்று விளக்கினேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “வளராம இருக்கறதுக்கு எதுக்குங்க தண்ணி ஊத்தறீங்க?” என்று கேட்டார். உன் பன்னிரண்டு விதிகளிலும் அதற்கு விடை இல்லை.

பத்தாம் நாள் இலைகள் உதிர்ந்தன. இடம் மாறினால் இலை உதிரும், பதற வேண்டாம், தண்ணீரைக் கூட்டிவிட வேண்டாம் என்று நீ ஏழாம் விதியில் எழுதியிருந்தாய். நான் பதறவில்லை, தண்ணீரையும் கூட்டவில்லை. பால் ஊற்றினேன். குருவாரம்தோறும் மஞ்சள் நீர், பின் பால், பின் சந்தனம் கரைத்த நீர், அதன்பின் பதிகம். விரலை மண்ணில் செலுத்தி ஈரம் பார்த்த பிறகே நீர் ஊற்ற வேண்டும் என்பது மூன்றாம் விதி. பீடத்தில் விரலை நுழைக்க எனக்குக் கூசியது, அதை விட்டுவிட்டேன். அபிஷேகத் தீர்த்தம் தொட்டியின் அடித்துளைகள் வழியே ஒழுகித் தரையில் ஓடியது. பக்கத்து வீட்டுப் பானுமதி அதை மிதித்துவிட்டு, “ஐயையோ மாமா, சாமி தண்ணியில காலை வெச்சிட்டேனே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தீர்த்தம் காலில் படுவது அபசாரம். அன்று மாலையே மெழுகை உருக்கி அந்த இரண்டு துளைகளையும் அடைத்தேன். அம்மா சுசித்ரா, இந்தக் கடிதத்தில் நீ மன்னிக்க வேண்டியவை பல உண்டு. எனினும் என்னால் என்னை மன்னிக்க முடியாதது இந்த ஒன்றே. ஒரு மரம் மூச்சு விடும் வழியை நான் பக்தியால் அடைத்தேன்.

பானுமதியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குத் திருமணமாகி ஆறு ஆண்டுகள். ஆல், அரசு எதுவானாலும் வலம் வந்தால் பலன் உண்டு என்று கேள்விப்பட்டு, எங்கள் வீட்டு மரத்தையும் சுற்றலாமா என்று கேட்டாள். பூசை அறையில் ஒருவர் நிற்கவே இடம் போதாது. கூடத்தில் வைத்தால் தொலைக்காட்சிப் பெட்டி இடிக்கிறது. அப்போதுதான் நவநீதனின் சுழலும் தட்டு நினைவுக்கு வந்தது. மரத்தை அதன்மேல் வைத்து, அவளைக் கைகூப்பி நிற்கச் சொல்லி, நான் தட்டை நூற்றெட்டு முறை சுற்றினேன். சுற்றுவது எதுவானாலும் சுற்று சுற்றுதானே என்பது என் சமாதானம். எழுபதாவது சுற்றில் மரத்துக்குத் தலை சுற்றியதோ இல்லையோ, எனக்குச் சுற்றியது. உன் அத்தை சமையலறை நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, அது நம்ம புள்ள வெச்ச மரம். செக்கு மாதிரி ஆட்டறீங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கணக்கு விட்டுப்போகும் என்று நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். மறுவாரம் பானுமதி மஞ்சள் துணியில் ஒரு தொட்டில் கட்டிக் கொண்டுவந்தாள். கோயில் மரத்துக்குக் கட்டும் அளவு. எங்கள் மரத்தைவிடச் சற்றுப் பெரியது. ஆசையோடு வந்தவளிடம் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. நவநீதன் கிழக்கே நீளும்படி ஏழு ஆண்டுகள் பழக்கிய அந்தத் தாழ்ந்த கிளையில் கட்டினோம். கிளை இன்னும் தாழ்ந்தது.

ஆவணி பிறந்ததும், வளைப்பதற்காகக் கிளைகளில் சுற்றிய அலுமினியக் கம்பிகளை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் பட்டையில் பதிந்துவிடும் என்பது ஒன்பதாம் விதி. கம்பி வேலை என்பதால், நம் தெருவுக்கு மின்வேலை பார்க்கும் முருகேஷை வரவழைத்தேன். அவன் கழுத்தில் குறடு தொங்க உள்ளே வந்து, மரத்தைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினான்.

“இதுல கரண்ட் வருதுங்களா சார்?”

“இல்லை தம்பி. கம்பியை மட்டும் எடுத்தால் போதும்.”

“மெயின ஆஃப் பண்ணிட்டு வந்துர்றனுங்க. எதுக்கு வம்பு?”

மின்சாரத்தை நிறுத்திவிட்டு வந்தான். சன்னலற்ற அறையில் விளக்கு வெளிச்சத்தில் வேலை நடந்தது. கம்பியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும், சுற்றைப் பிரிக்கக் கூடாது என்று நீ அடிக்கோடிட்டு எழுதியிருந்தாய். நான் குறிப்பை எடுக்கக் கூடத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் பிரித்துக்கொண்டிருந்தான். முருங்கைக்காய் ஒடிவதுபோல் ஓர் ஓசை. தொட்டில் கட்டியிருந்த அந்தக் கிழக்குக் கிளை அவன் கையில் இருந்தது. “சார், பெவிக்கால் இருக்குதுங்களா?” என்றான் பாவம், கண் கலங்கி. அவனைக் குறை சொல்வதற்கில்லை. நான் தொட்டிலை அவிழ்த்துவிட்டு, ஒடிந்த கிளையை ஒரு பட்டுத் துண்டில் சுற்றி உன் அத்தையிடம் கொடுத்து, “கால் படாத இடமாகப் பார்த்துப் போட்டுவிடு” என்றேன். சுவாமிக்குச் சாத்திய பூவை அப்படித்தானே செய்வோம். அவள் அதை வாங்கிக்கொண்டு பின்கட்டுப் பக்கம் போனாள்.

அதன் பிறகு ஏறுமுகம் இல்லை. புரட்டாசியில் மரத்தடியில் ஒரு புளித்த நாற்றம் எழுந்தது. ஊதுவத்தியை இரட்டித்தேன். எறும்பு வந்தது, பிராணிக்கும் பங்கு உண்டு என்று விட்டேன். ஐப்பசியில், எஞ்சியிருந்த இலைகள் ஒரே வாரத்தில் மஞ்சளாகி, ஒவ்வொன்றாக, நான் பதிகம் பாடும்போதே தட்டில் விழுந்தன. ஓர் இலை விழும் ஓசை கேட்கும் என்று நான் அதுவரை அறியேன். கடைசியில் மாரப்பனை அழைத்து வந்தேன். அவர் தொட்டியைக் கவிழ்த்தார். உள்ளே கட்டித் தயிரைப்போல் ஏதோ இருந்தது. வேரைக் கையில் எடுத்தார்; அது அவர் விரல்களுக்கிடையில் கரைந்தது.

“வேரு அழுகிப் போச்சுங்க வாத்தியாரே,” என்றார். முதன்முறை வந்தபோது சிரித்தவர் இப்போது சிரிக்கவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து, இழவு வீட்டில் செய்வதுபோல் கையில் மடித்து வைத்துக்கொண்டார். “ஓட்டய யாருங்க அடைச்சது?”

நான் அடைத்தேன் என்று சொன்னேன். அவர் எழுந்து கை கழுவப் போனார்.

இனி நான் எழுத வேண்டியது என் பொய்களைப் பற்றி. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நீ அழைப்பாய். முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: “மரம் எப்படி இருக்கு மாமா?” நான் “நன்றாக இருக்கிறதம்மா” என்பேன். மரம் போன முதல் ஞாயிறும் அப்படியே சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு நீ காணொளியில் காட்டச் சொன்னாய். கண்ணேறு படும் என்றேன். அதற்கடுத்த வாரமும் கேட்டாய். வேறு வழியின்றி, மாரியம்மன் கோயில் அரசமரத்தில் ஒரு கிளையை ஒடித்து வந்து, காலித் தொட்டியில் மண்ணை நிரப்பிச் செருகி, தொலைவிலிருந்து காட்டினேன். நீ சற்று நேரம் பார்த்தாய்.

“இலையெல்லாம் பெருசாயிடுச்சே மாமா?”

“ஊர்த் தண்ணீர் அப்படியம்மா.”

“நுனியில வால் வேற முளைச்சிருக்கு.”

“வயசாகிறதல்லவா.”

அதன்பின் நீ “சாப்ட்டீங்களா மாமா?” என்று மட்டும் கேட்டாய். அன்று பூசை அறைக்குள் நுழைய எனக்குத் தைரியம் இல்லை. வாசலில் நின்றே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஒன்றை உனக்குச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் அதுவும் பொய்யாகும். உங்கள் திருமணத்துக்கு முந்திய ஆண்டு நான் பெங்களூர் வந்தபோது, நவநீதன் பால்கனியில் முழங்காலிட்டு இந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தான். ஓங்கி வளர வேண்டிய ஒன்றைச் சட்டியில் அடைத்துச் சித்திரவதை செய்வது பாவம் என்று அவனைக் கடிந்துகொண்டேன். அவன் கத்தரியைக் கீழே வைக்காமலே சிரித்தான். “நீங்க மட்டும் என்னை எப்படிப்பா வளத்தீங்க? படம் வரைஞ்சா அந்தக் கெளையை வெட்டுனீங்க. கிரிக்கெட்டுன்னா அதையும் வெட்டுனீங்க. செய்யுள் பக்கமா கம்பி போட்டுத் திருப்புனீங்க” என்றான். எனக்கு முகம் சிறுத்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, மண் கையாலேயே என் தோளைப் பிடித்து, “ஆனா தினம் பாத்தீங்கப்பா. ஒரு நாள்கூடப் பாக்காம விட்டதில்ல. இதுக்கும் அதான் வேணும், வேற ஒண்ணுமில்ல” என்றான். சட்டையில் மண் ஒட்டிவிட்டதே என்றுதான் நான் அப்போது பதில் சொன்னேன். வேறு சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது, கேட்க அவன் இல்லை. அவன் மரத்தை ஐந்து மாதங்கள் நான் இருவேளை கும்பிட்டேன். ஒரு நாளாவது கண்ணைத் திறந்து பார்த்தேனா என்றால், இல்லை.

ஆகவே அம்மா, பொங்கலுக்கு மரத்தை எடுத்துப்போக வருவதாகச் சொல்லியிருக்கிறாய். எடுத்துப்போக இங்கே ஒரு தொட்டியும் சுழலும் தட்டும்தான் உள்ளன. அதற்காக விடுப்பு எடுத்து, இரண்டு பேருந்து மாறி நீ வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அழைக்க வேண்டிய கடமையிலிருந்தும் உன்னை விடுவிக்கிறேன். உனக்கு முப்பத்தைந்து வயது. முன்னால் நெடிய வாழ்வு இருக்கிறது. அதை யாரோடு எப்படி அமைத்துக்கொண்டாலும் எங்கள் ஆசி உண்டு. மரத்தை முன்னிட்டு நீ எங்களை விசாரித்தாய். மரம் இருக்கும்வரை நீயும் இருப்பாய் என்று எண்ணித்தான் நான் பொய் சொன்னேன். ஒன்பதரை மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டு உன் அத்தை தொலைபேசிக்கு அருகே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். பேச மாட்டாள், உன் குரலைக் கேட்டுக்கொண்டு முறத்தில் அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அதில் கல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அவளிடம் இனி என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எல்லாம் வல்ல ஈசன் உனக்கு நோயற்ற உடலும், நிறைந்த மனமும், முறை பேசுகிறவர்கள் என்ன சொன்னாலும் சரி, சகல சௌபாக்கியங்களும் அருள்வானாக.

இப்படிக்கு,
உன் நன்மையை நாடும் மாமனார்,
புலவர் முனியப்பன்

பின்குறிப்பு: உறையில் பசை தடவும் வேளையில் உன் அத்தை வந்து, யாருக்கு இத்தனை நீளம் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். மரம் பட்டுப்போனதை நீ தாங்க மாட்டாயே என்று சொல்லிக் கடிதத்தை மடித்தேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, “சுசிக்கு ஐப்பசியிலயே தெரியும். நான்தான் சொன்னேன்” என்றாள். புதன்கிழமை தோறும் நீ அவளை நவநீதனின் பழைய கைபேசியில் அழைக்கிறாயாம். அதை வைத்துக்கொண்டு அவள் பின்கட்டில் உட்காரும்போதெல்லாம் பிள்ளையின் படங்களைப் பார்க்கிறாள் என்று நினைத்து, நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். ஆக, வேர் அழுகியது முதல் வால் முளைத்தது வரை அறிந்துகொண்டே எட்டு ஞாயிறும் ‘மரம் எப்படி இருக்கு மாமா’ என்று கேட்டிருக்கிறாய்.

பிறகு அவள் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். துவைக்கும் கல்லுக்குப் பின்னால், அரிசி கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில், உண்மையாகவே யார் காலும் படாத ஒரு மூலையில், அந்த ஒடிந்த கிளையை அவள் ஆவணியிலேயே ஊன்றியிருக்கிறாள். ஒரு சாண் மரத்தின் கிளை ஒரு முழம் நிற்கிறது. இலை இலையாக இருக்கிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா அதுக்கும் பாலை ஊத்துவீங்க” என்றாள். எனக்குப் பத்தடி தூரத்தில் நின்று பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. கும்பிடக் கூடாது என்பது நிபந்தனை. நின்று பார்த்தேன்.

மேலே எழுதியவற்றுள், வர வேண்டாம், அழைக்க வேண்டாம் என்பவற்றை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். தாளை மாற்றி எழுதலாம் என்றால், “அப்பிடியே அனுப்புங்க, சுசி சிரிச்சு ரெண்டு வருசமாவுது” என்கிறாள். பொங்கலுக்கு வா. கிளையைத் தொட்டிக்கு மாற்றி எடுத்துப்போக நினைத்தால் நீயே அவளிடம் கேள். கத்தரியைப் பற்றி அவளிடம் பேசும் துணிவு எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பத்து மணிக்கு மரம் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேள். பாஞ்சாலியிடம் கேட்டுச் சொல்கிறேன்.